ரிம் பிரேக் பிடிக்கவில்லையா? திருகைத் தொடுமுன் துணியை எடுங்கள்

என் சைக்கிள் பிரேக் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கதவுக் கீல் கத்தினால் என்ன செய்வோமோ அதையேதான் செய்தேன். தையல் மிஷினுக்கு வைத்திருந்த எண்ணெயை எடுத்து, பிரேக் கட்டை ரிம்மைத் தொடும் இடத்தில் பக்கத்துக்கு நாலு சொட்டு விட்டேன். சத்தம் அந்த நொடியே நின்றது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் காலை ஓர் இறக்கத்தில் லீவரை அழுத்தினேன். லீவர் கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் கட்டை ரிம்மைக் கவ்வவே இல்லை. சைக்கிள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு செருப்பையும் தரையில் தேய்த்து, சாலையோரம் கிடந்த மணல் குவியலில் ஏறித்தான் நின்றேன்.

அதற்கப்புறம் செய்தது இன்னும் பெரிய முட்டாள்தனம். மூன்று வாரம் ஒயரை இறுக்கினேன், கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருப்பினேன், புதுக் கட்டை வாங்கிப் போட்டேன். புதுக் கட்டையும் இரண்டே நாளில் வழுக்கியது. ரிம்மில் மிச்சமிருந்த எண்ணெயை அது குடித்துவிட்டது. கடைசியில் ஒரு மெக்கானிக் எதுவும் பேசாமல் ஆள்காட்டி விரலால் ரிம்மின் பக்கவாட்டை ஒரு இழுப்பு இழுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல் நுனி மை தொட்ட மாதிரி கறுப்பு. "இதைத் துடைக்காம எதைத் திருப்பினாலும் வேலைக்கு ஆகாது" என்றார்.

கீழே வருவது அந்த மூன்று வாரத்தில் படித்த பாடம்தான். வேலையின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் துடைப்பது, அப்புறம் தேய்மானம் பார்ப்பது, அப்புறம் ஒயர், எல்லாவற்றுக்கும் கடைசியாகத் திருகு. நான் இதைத் தலைகீழாகச் செய்ததால்தான் நேரமும் காசும் போயிற்று.

இது ரிம்மைக் கவ்வும் பிரேக்குகளுக்கு மட்டும். இரண்டு நீளக் கைகள் ஃபோர்க்கின் இருபுறமும் நின்று பிடிக்கும் வி-பிரேக், டயருக்கு மேலிருந்து கவ்வும் காலிப்பர், இரண்டு குட்டைக் கைகளை நடுவிலிருந்து ஒயர் மேலே இழுக்கும் கான்டிலிவர் எல்லாம் இதில் சேரும். ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பழைய வகை உங்களுடையது என்றால், அதில் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் படாது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பார்த்த உள்பக்கத்தில் படும். அங்கே துடைக்க வேண்டும். டிஸ்க் பிரேக் முற்றிலும் வேறு சமாச்சாரம்.

1. முதலில் சாமானை எடுத்து வையுங்கள், போட்டோ எடுங்கள்

வெள்ளை அல்லது வெளிர் நிறப் பருத்தித் துணி நாலைந்து துண்டு. கறுப்பு எவ்வளவு வருகிறது என்று தெரிய வேண்டும் என்பதால்தான் வெள்ளை. பாத்திரம் கழுவும் திரவம், ஒரு வாளித் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், ஐசோபுரோபைல் ஆல்கஹால் (70 சதவீதமோ அதற்கு மேலோ), நடுத்தர உப்புத்தாள் ஒன்று (100 அல்லது 120 எண்), தையல் ஊசி அல்லது கூர்மையான கத்தி முனை, உங்கள் பிரேக்குக்குப் பொருந்தும் எல்-கீ அல்லது ஸ்பேனர். சைக்கிளோடு வந்த கையேடு இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்கலாம், ரிம்மின் தேய்மான அடையாளம் எங்கே இருக்கிறது என்ற இரண்டு விவரமும் பெரும்பாலும் அதில் இருக்கும். புதுக் கட்டை வாங்கியிருந்தால் அதன் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். எந்த வகை ரிம்முக்கு, எந்தப் பக்கத்துக்கு என்பது அதில்தான் அச்சாகியிருக்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் முன்னால், பின்னால், மேலிருந்து என்று நெருக்கத்தில் போட்டோ எடுங்கள். வி-பிரேக் கட்டையின் தண்டில் குழிவும் குவிவுமாக நாலு வாஷர் இருக்கும், அவற்றில் ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. கீழே விழுந்து கலந்துவிட்டால் எது எங்கே என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலைப் பொழுது போய்விடும். எனக்குப் போனது.

முதல் தடவை என்றால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வெளியே கிளம்புவதற்கு அரை மணி முன்னால் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது.

2. பிரேக்கைத் திறந்து சக்கரத்தைக் கழற்றுங்கள்

வி-பிரேக்கில் இரண்டு பிரேக் கைகளையும் ஒரு கையால் சேர்த்து அழுத்தினால் மேலே இருக்கும் வளைந்த குழாயை அதன் கொக்கியிலிருந்து இழுத்து எடுத்துவிடலாம். காலிப்பரில் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்பு இருந்தால் அதைத் தூக்கிவிட்டால் போதும், கட்டைகள் விலகும். அந்த நெம்பு இல்லாத சாதாரண சைக்கிளில் சக்கரம் சிக்கினால் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

சக்கரத்தைக் கழற்றத் தயக்கமாக இருந்தால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே துடைக்கலாம். வேலை கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

3. ரிம்மைத் துடைப்பது

பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும், அதனால் அவசரப்படாதீர்கள். ரிம்மில் சேரும் கறுப்பு வெறும் மண் இல்லை. தேய்ந்த கட்டையின் ரப்பர் தூள், தேய்ந்த அலுமினியத் தூள், சாலைத் தூசி, சங்கிலியிலிருந்து தெறித்த எண்ணெய் எல்லாம் சேர்ந்து மெல்லிய பசையாகப் படிந்திருக்கும். அந்தப் பசைதான் வழுக்குகிறது, சத்தமும் போடுகிறது.

முதலில் காய்ந்த பிரஷால் தூசியைத் தட்டிவிடுங்கள். இதை விட்டுவிட்டு ஈரத் துணியை வைத்தால் மணல் துகளை ரிம்மில் போட்டுத் தேய்ப்பது போல ஆகும். அப்புறம் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் ஒரு சுற்று. நல்ல தண்ணீரில் இன்னொரு சுற்று. காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்போக் ரிம்மில் நுழையும் இடங்களில் தண்ணீர் தங்கும், சக்கரத்தைத் தரையில் லேசாகத் தட்டினால் வடிந்துவிடும்.

நன்றாகக் காய்ந்த பிறகு ஆல்கஹால். துணியில் கொஞ்சம் நனைத்துக்கொண்டு, கட்டை படும் பட்டையை ஒரு சாண் ஒரு சாணாகத் துடைத்துக்கொண்டு போங்கள். துணி கறுத்ததும் மடித்து அடுத்த சுத்தமான பக்கத்துக்கு மாறுங்கள். கறுத்த பக்கத்தாலேயே தொடர்ந்து துடைத்தால் எண்ணெயை ஓரிடத்திலிருந்து எடுத்து ரிம் முழுக்கப் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். நான் முதல் தடவை அப்படித்தான் ஒரு மணி நேரம் பூசினேன். அலுமினிய ரிம் என்றால் எத்தனை தடவை துடைத்தாலும் துணியில் லேசாகச் சாம்பல் நிறம் வந்துகொண்டே இருக்கும். அது உலோகமே விடும் நிறம். கறுப்பு நின்று சாம்பல் வந்தால் போதும், அங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்போ பீடி சிகரெட்டோ பக்கத்தில் வேண்டாம்.

விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் ரப்பர் திட்டுகளைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்க்கலாம். இது அலுமினிய ரிம்முக்குத்தான். கார்பன் ரிம்மில் நாரையோ உப்புத்தாளையோ கொண்டுபோகவே கூடாது. துடைக்க என்ன பயன்படுத்தலாம் என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் துருப் புள்ளிகள் இருந்தால், அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். உப்புத்தாள் போட்டால் குரோமும் சேர்ந்து போய், துரு இன்னும் வேகமாக வரும்.

எதையெல்லாம் கொண்டு துடைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய், டீசல் இரண்டும் அழுக்கைக் கரைக்கும், ஆனால் போகும்போது ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். துரு எடுக்கத் தெளிக்கும் ஸ்பிரேக்களும் அப்படியே. வண்டிக்குப் போடும் பாலிஷ் ரிம்மைப் பளபளவென்று ஆக்கும், ஆனால் பளபளப்பும் பிரேக்கும் ஒத்துப்போகாது. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் பெயின்டையும் ஸ்டிக்கரையும் கெடுத்துவிடும்.

4. கட்டையைக் கழற்றிப் பாருங்கள்

ஒரு நேரத்தில் ஒரு கட்டை. வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய செய்தித்தாளில் அடுக்கி வையுங்கள். கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு ரப்பரில் அங்கங்கே வெள்ளிப் பொடி மாதிரி ஏதாவது மினுங்குகிறதா? அது ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியம். ஒரு மணல் துகள் கட்டையில் குத்திக்கொள்ளும், அது ரிம்மைச் சுரண்டும், சுரண்டிய உலோகம் கட்டையிலேயே பதிந்து மேலும் சுரண்டும். பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்டால் பெரும்பாலும் இதுதான். ஊசி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுங்கள். என் பின் கட்டை ஒன்றிலிருந்து 11 துணுக்கு வந்தது, அதில் ஒன்று நெல்மணி நீளம். அது ரிம்மில் போட்ட கோடு இன்னும் இருக்கிறது.

அடுத்து மேற்பரப்பு. கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால், உப்புத்தாளை மேசைமேல் சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, கட்டையை அதன்மேல் வைத்து ஒரே பக்கமாகப் பத்துப் பதினைந்து தடவை இழுங்கள். பளபளப்பு மாறி மங்கிய கறுப்பு தெரிந்தால் போதும். கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்தால் நடுவில் மேடாகிவிடும். தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

எண்ணெய் குடித்த கட்டையைக் காப்பாற்ற நான் செய்யாத வித்தை இல்லை. வெந்நீர், சோப்பு, ஆல்கஹால், உப்புத்தாள் எல்லாம் பார்த்தாயிற்று. மேலே சுத்தமாகும், நாலு தடவை பிரேக் பிடித்ததும் உள்ளே இருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வரும். குப்பையில் போடுங்கள். புதுக் கட்டையை எடுக்குமுன் ரிம்மை இன்னொரு முறை ஆல்கஹாலால் துடையுங்கள்.

5. தேய்மானம்: கட்டையில் ஒன்று, ரிம்மில் ஒன்று

கட்டையில் தேய்மானக் கோடு இருந்தால் அதைத் தொட்டதும் மாற்றிவிட வேண்டும். கோடு இல்லாவிட்டால் குறுக்கே வெட்டியிருக்கும் பள்ளங்களைப் பாருங்கள். அவை மறைந்துவிட்டால் கட்டையின் காலம் முடிந்தது. உள்ளே இருக்கும் உலோகம் தெரியும்வரை ஓட்டினால் அது ரிம்மைக் கடைந்துவிடும். பல வருடம் சும்மா கிடந்த சைக்கிளில் கட்டை தடிமனாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், அதையும் மாற்றத்தான் வேண்டும்.

ரிம்மும் தேயும் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் கட்டையோடு ரிம்மின் சுவரும் கொஞ்சம் போகிறது. பல ரிம்களில் கட்டை படும் பட்டையில் ஒரு சின்னக் குழியோ சுற்றிலும் ஒரு மெல்லிய பள்ளமோ இருக்கும். அது தேய்ந்து மறைந்தால் ரிம் முடிந்தது. சில ரிம்களில் நேர்மாறாக, தேய்ந்த பிறகுதான் அடையாளம் வெளியே தெரியும். உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். அடையாளமே இல்லாவிட்டால் இரும்பு ஸ்கேலின் விளிம்பைப் பட்டையின் குறுக்கே, ஹப்பிலிருந்து டயரை நோக்கிய திசையில், நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் அங்கே குழிந்திருக்கிறது. குழிவு நன்றாகத் தெரிகிற அளவு இருந்தால் இனி அந்த ரிம்மை நம்ப வேண்டாம். டயருக்குள் இருக்கும் காற்று ரிம்மின் சுவரை எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். சுவர் மெலிந்தால் ஒருநாள் ஓட்டத்திலேயே பிளந்துகொள்ளும். விரிசலோ புடைப்போ கண்ணில் பட்டால் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

6. ஒயரும் கீல்களும்

லீவரை விட்டதும் அது சட்டென்று திரும்புகிறதா? மெதுவாகத் திரும்பினால் குற்றவாளி ஒயரா, பிரேக் கையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஒயரைப் பிரேக்கிலிருந்து விடுவித்துவிட்டு, பிரேக் கைகளை விரலால் அழுத்தி விடுங்கள். துள்ளித் திரும்பினால் அவற்றில் குறையில்லை. ஒயரைத்தான் பார்க்க வேண்டும். உள்கம்பியை உறைக்குள் முன்னும் பின்னும் இழுத்தால் சொரசொரவென்று கைக்குத் தெரியும்.

உள்கம்பியில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். போல்ட் கடிக்கும் இடத்திலும், லீவருக்குள் கம்பியின் நுனிக் குண்டு உட்காரும் இடத்திலும்தான் பெரும்பாலும் பிரியும். வாங்கும்போது மூன்று விஷயம். பிரேக் கம்பி 1.5 அல்லது 1.6 மி.மீ. தடிமன், கியர் கம்பி அதைவிட மெல்லிசு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். நுனிக் குண்டு இரண்டு வடிவத்தில் வரும்: நேரான ஹேண்டில்பாருக்கு உருளை, வளைந்த ரேஸ் ஹேண்டில்பாருக்குப் பேரிக்காய் மாதிரி. மூன்றாவதுதான் ஆபத்தானது: கியருக்கான உறையைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. அதில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, பிரேக்கின் இழுப்பைத் தாங்காமல் வெடித்துப் பிரிந்துவிடும். பிரேக் உறையில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கையோடு பழைய துண்டைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. மாட்டிய பிறகு நுனியில் ஒரு மூடி போட்டு நசுக்கிவிட்டால் இழை பிரியாது.

எண்ணெய் விட ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் நேரம். கட்டைகள் கழன்று கிடக்கின்றன, சக்கரம் அந்தப் பக்கம் இருக்கிறது. காலிப்பரின் கீலில் ஒரு தீக்குச்சி முனையால் ஒரு சொட்டு, லீவரின் கீலில் ஒரு சொட்டு. வழிந்ததைத் துடைத்துவிட்டு, கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் மறுபடி கட்டையைத் தொட வேண்டும். வி-பிரேக் என்றால் பிரேக் கையைக் கழற்றி, அது உட்காரும் தண்டில் மெல்லிசாக கிரீஸ் தடவுவது சரி. கழற்றும்போது ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பதையும் போட்டோ எடுங்கள்.

7. கட்டையைச் சரியாக உட்கார வைப்பது

சக்கரத்தைத் திரும்ப மாட்டுங்கள். அது ஃபோர்க்கின் இரு பள்ளத்திலும் ஆழமாக, நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். சக்கரம் சாய்ந்திருந்தால் பிரேக் கோணலாக இருப்பது போலத் தெரியும், நாம் போய்ப் பிரேக்கைத் திருப்பிக்கொண்டிருப்போம்.

கட்டையில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் உருளும் திசையைக் காட்ட வேண்டும். ரப்பர் மட்டும் கழன்று வரும் உறைவகைக் கட்டையில் ஒரு முனை மூடியிருக்கும், ஒரு முனை திறந்திருக்கும். மூடிய முனை சைக்கிளின் முன்பக்கம் வர வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ரிம் கட்டையை முன்னால்தான் இழுக்கும். திருப்பிப் போட்டால் ரப்பர் வழுக்கி வெளியே வந்துவிடும், அதுவும் நீங்கள் பலமாகப் பிடிக்கும் நேரம் பார்த்து.

உயரம்: கட்டை முழுவதும் பட்டைக்குள் அடங்க வேண்டும். மேல்விளிம்பு டயரை ஒருபோதும் தொடக் கூடாது. தொட்டால் டயரின் பக்கச் சுவரை அறுத்துவிடும். கீழ்விளிம்பு ரிம்முக்குக் கீழே தொங்கினால் அந்தப் பகுதி தேயாமல் உதடு மாதிரி நின்று, பிறகு ரிம்முக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். வி-பிரேக்கில் கட்டை தேயத் தேய, படும் இடம் ஸ்போக் பக்கம் இறங்கும். அதனால் அதை ஆரம்பத்தில் கொஞ்சம் மேலாகவே, ரிம்மின் மேல்விளிம்புக்கு ஒன்றிரண்டு மி.மீ. கீழே, வைப்பது என் வழக்கம்.

அப்புறம் முனைச் சாய்வு. கட்டையின் முன்முனை ரிம்மை ஒரு மயிரிழை முன்னதாகத் தொட வேண்டும், அப்போதுதான் அதிர்வு குறையும், கீச்சுச் சத்தமும் அடங்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கட்டையின் பின்முனையில் ஒரு ரப்பர் பேண்டை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். போல்ட்டைத் தளர்த்தி, லீவரை யாரையாவது பிடிக்கச் சொல்லி (ஆள் இல்லாவிட்டால் லீவரையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி), கட்டை ரிம்மோடு படிந்த நிலையில் போல்ட்டை இறுக்குங்கள். ரப்பர் பேண்டை எடுத்துவிட்டால் பின்முனையில் ஒரு மி.மீ. அளவு இடைவெளி நிற்கும். இறுக்கும் கடைசிக் கால் சுற்றில் போல்ட்டோடு சேர்ந்து கட்டையும் திரும்பப் பார்க்கும். இன்னொரு கையால் கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் ஒரே கட்டையை ஆறு தடவை வைத்தேன்.

இறுக்கம் பொதுவாக 5 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் கையேடு சொல்லும் எண்தான் முக்கியம். அளக்கும் ஸ்பேனர் இல்லாவிட்டால் எல்-கீயை வைத்துக் கைப்பலத்தில் உறுதியாக இறுக்கினால் போதும், குழாயைச் செருகி நெம்ப வேண்டாம்.

8. இப்போதுதான் திருகு

கட்டைக்கும் ரிம்முக்கும் இரு பக்கமும் ஒன்றிலிருந்து இரண்டு மி.மீ. இடைவெளி. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். ரிம் அதற்கு மேல் இடமும் வலமும் ஆடினால் எந்தத் திருகாலும் சரிவராது, சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க வேண்டும். ஸ்போக் திருப்பிப் பழக்கமில்லை என்றால் அதைக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

ஒரு கட்டை மட்டும் உரசினால்: வி-பிரேக்கில் ஒவ்வொரு கையின் அடியிலும் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை உள்ளே திருப்பினால் ஸ்பிரிங் இறுகி அந்தக் கை ரிம்மை விட்டு விலகும். கால் சுற்றுத் திருப்புங்கள், லீவரை நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள், பாருங்கள். காலிப்பரில் நடுவைச் சரிசெய்யும் திருகு மேலேயோ பக்கத்திலேயோ இருந்தால் அதைத் திருப்பலாம். இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் நட்டைத் தளர்த்தி, காலிப்பர் முழுவதையும் கொஞ்சம் திருப்பி, மறுபடி நன்றாக இறுக்க வேண்டும்.

லீவர் ரொம்ப தூரம் வருகிறதா? ஒயர் உறையின் முனையில் கையால் திருப்பும் குழல் திருகு இருக்கும். வெளியே வரும்படி திருப்பினால் ஒயர் இறுகும். பாதி நீளத்துக்கு மேல் வெளியே வந்துவிட்டால் அதை முழுக்க உள்ளே திருப்பிவிட்டு, போல்ட்டைத் தளர்த்தி ஒயரையே இழுத்துப் பிடித்து இறுக்குங்கள். லீவர் தன் தூரத்தில் பாதியைத் தாண்டுமுன் கட்டை கவ்வ வேண்டும். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது.

வி-பிரேக்குக்கும் காலிப்பருக்கும் லீவர் வேறு. வி-பிரேக் லீவர் ஒயரை அதிக நீளம் இழுக்கும். பழைய லீவரை வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் மாற்றினால், எவ்வளவு திருப்பினாலும் ஒரு நாளும் சரியாக வராது.

9. ஏறி உட்காருமுன்

திறந்துவிட்ட நெம்பை மூடினீர்களா? வளைந்த குழாயைக் கொக்கியில் மாட்டினீர்களா? சுத்தம் செய்த பிறகு நடக்கும் விபத்துக்கு இதை மறப்பதே போதும், அதனால் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

ஒவ்வொரு லீவரையும் பலங்கொண்ட மட்டும் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஒயர் போல்ட்டில் நழுவுவதாக இருந்தால் இங்கேயே நழுவட்டும். பக்கத்தில் நின்று முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னால் தள்ளுங்கள், பின் சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின் சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும்.

அப்புறம் ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில், மிதமான வேகத்திலிருந்து நடை வேகம்வரை குறைப்பதைப் பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள். புதுக் கட்டையும் தேய்த்த கட்டையும் இப்படித்தான் ரிம்மோடு படியும். முதல் ஐந்து தடவை சுமாராகத்தான் பிடிக்கும். இதைப் பார்த்துப் பயந்து மறுபடி திருகைத் தொடாதீர்கள். இத்தனைக்குப் பிறகும் கீச்சிட்டால், முதலில் ரிம்மை இன்னொரு முறை ஆல்கஹாலால் துடையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் முனைச் சாய்வைக் கொஞ்சம் கூட்டுங்கள், பிரேக் கைகளின் கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள்.

ஈரத்தில் எந்த ரிம் பிரேக்கும் தாமதமாகத்தான் பிடிக்கும். ரிம்மில் இருக்கும் தண்ணீரைக் கட்டை வழித்தெடுக்க சில சுற்று ஆகும், குரோம் பூசிய இரும்பு ரிம்மில் இன்னும் அதிகம். நிற்க வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்னாலேயே லேசாகப் பிடிக்கத் தொடங்குங்கள். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே போனால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். விட்டு விட்டுப் பிடியுங்கள்.

10. எப்போது செய்வது, எதற்குச் செலவு

தினமும் ஓட்டுகிறவர் வாரம் ஒரு முறை ரிம்மையும் கட்டையையும் துடைத்தால் போதும், ஐந்து நிமிட வேலை. மழையிலோ சேற்றிலோ ஓட்டினால் அன்றைக்கே. அந்த ஈரச் சேறுதான் உப்புத்தாள் மாதிரி ரிம்மைத் தின்கிறது. மாதம் ஒரு முறை கட்டையில் துணுக்கு, கோடு, ஒயர் நுனி மூன்றையும் பார்க்க இருபது நிமிடம். வருடத்துக்கு இரண்டு தடவை ஸ்கேல் வைத்து ரிம்மைப் பாருங்கள். கட்டை மாற்றிய தேதியை போனில் குறித்து வையுங்கள், அடுத்த செட் எப்போது வேண்டும் என்று தெரிந்துவிடும்.

செலவில் துணியும் ஆல்கஹாலும் ஒன்றுமே இல்லை. அடுத்தது கட்டை, அதற்கடுத்து ஒயரும் உறையும். ரிம் மாற்றுவதுதான் பெரிய செலவு. ஸ்போக் எல்லாவற்றையும் பிரித்துச் சக்கரத்தையே புதிதாகக் கோர்க்க வேண்டும், ரிம்மின் விலையோடு அந்தக் கூலியும் சேரும். மலிவான கட்டையை ஒரு மாதம் கூடுதலாக ஓட்டி ரிம்மைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டையை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடி ஒரே மாதிரி இருக்காது.

சங்கிலிக்கு எண்ணெய் போடும் நாளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்பிரே தெறிப்பது நேராகப் பின் ரிம்மில்தான். ரிம்முக்கும் சங்கிலிக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகிவிட்டு, சொட்டுச் சொட்டாகப் போடுங்கள், பத்து நிமிடம் ஊறவிட்டு வழிவதைத் துடையுங்கள். சங்கிலி துடைத்த துணியை ரிம் துணிகளோடு ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள். நான் சங்கிலித் துணியின் மூலையில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன், இருட்டில் எடுத்தாலும் கைக்குத் தெரியும்.